மாத்திரை முடிஞ்சா தொழுநோய் முடிஞ்சுதா? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தொழுநோயைப் பத்தி ரெண்டு பக்கம் வந்துச்சு இல்லையா, அதுக்கு கடலூர், பாண்டி பக்கத்துலேர்ந்து நிறைய கடிதம் வந்திருக்கு. முக்காவாசி பேர் பேர் போடாதீங்கன்னு கேட்டிருக்காங்க, அதனால ஊர் மட்டும்தான் போட்டிருக்கோம். பதில் சொல்ற நான் டாக்டர் இல்லங்க. லெப்ரசி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், தெருத்தெருவா போய் சட்டையைக் கழட்டச் சொல்லி முதுகு பார்த்தவன். மருந்து சமாச்சாரத்தை மட்டும் ஒரு தோல் டாக்டர்கிட்ட காட்டி சரிபார்த்துட்டுதான் எழுதியிருக்கேன்.

கேள்வி: ஐயா, எங்க ஊட்டுக்காரர் போட்ல போறவரு. முதுகுல உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப்போன மாதிரி ஒரு தேமல், ரெண்டு வருஷமா இருக்கு. அரிப்பு இல்ல வலி இல்ல. மெடிக்கல்ல குடுத்த ஆயின்மென்ட் எத்தனையோ டியூப் தடவியாச்சு, போவல. வலிக்காதத பத்தி ஏன் கவலன்றாரு. – கடலூர் ஓ.டி. வாசகி

பதில்: வலிக்கலங்கறதுதாம்மா எனக்கு கவலையா இருக்கு. சாதாரண தேமல்ல வேர்வை பட்டா நமைச்சல் இருக்கும், லேசா பொடி மாதிரி உதிரும், ஆயின்மென்டுக்கு கேக்கும். ரெண்டு வருஷமா அசையாம இருக்கிற தேமலை சும்மா விடக்கூடாது. வீட்லயே ஒண்ணு செஞ்சு பாருங்க. பால்பாயின்ட் பேனா ஒண்ணு எடுத்துக்குங்க, மூடி கழட்டி, மை முனையால லேசா தொட்டா போதும், குத்தக்கூடாது. மொதல்ல அவர் கண்ணு திறந்திருக்கும்போதே கையில தொட்டுக்காட்டி “இப்படி தொடுவேன், தொட்ட இடத்தை விரலால காட்டணும்”னு சொல்லிடுங்க. அப்புறம் கண்ணை மூடச் சொல்லிட்டு, நல்லா இருக்கிற தோல்ல ஒண்ணு, தேமல்ல ஒண்ணுன்னு மாத்தி மாத்தி தொடுங்க. முதுகா இருக்கறதால கை எட்டலன்னா “ம்”னு சொன்னா போதும். நல்ல தோல்ல தொடும்போதெல்லாம் சொல்லி, தேமல்ல தொடும்போது சும்மா உக்காந்திருந்தார்னா அடுத்த நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா ஜி.எச். தோல் ஓ.பி.க்கு. பரிசோதனை, மருந்து எல்லாம் இலவசம்.

சரியா சொல்லிட்டார்னா சந்தோஷப்பட்டு உக்காந்துடாதீங்க. உணர்வு நல்லா இருந்தும் தொழுநோய் இருக்கிறவங்க உண்டு. உடம்புல கிருமி ரொம்ப அதிகமா இருக்கிற வகையில தேமல் மங்கலா, நிறையா, ரெண்டு பக்கமும் இருக்கும், தொட்டா தெரியும். அவங்களுக்கு காது மடல் தடிச்சு பளபளன்னு இருக்கும், புருவம் ஓரத்துல முடி கொட்டும், மூக்கு எப்பவும் அடைச்சிருக்கும். ஊர்ல பரப்புறது பெரும்பாலும் இந்த வகைதான், ஆனா தேமல் எங்கன்னு தேடுறவங்க கண்ணுக்கு இவங்கதான் தப்பிச்சுடுவாங்க. அதனால எப்படியும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டுங்க. காதுலயும் தேமல்லயும் லேசா கீறி எடுத்து, கிருமி இருக்கான்னு மைக்ரோஸ்கோப்ல பார்ப்பாங்க, ஸ்மியர்னு சொல்வாங்க, தேவைப்பட்டா சின்னதா சதை எடுத்து அனுப்புவாங்க. இன்னொண்ணு, வெள்ளைவெளேர்னு பால் நிறத்துல ஆயிட்டா அது வெண்புள்ளி, தொழுநோய்க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தொழுநோய் தேமல் அவ்வளவு வெள்ளையா ஆகாது, நிறம் மங்கும் இல்லன்னா செம்பு மாதிரி சிவக்கும்.

கேள்வி: சார், என் பையன் காலேஜ் படிக்கிறான், அஞ்சு மாசமா அட்டை மாத்திரை சாப்பிடுறான். முகமெல்லாம் கருத்துப் போச்சு, ஃப்ரெண்ட்ஸ் கேக்குறாங்களாம். நிறுத்திடுறேன்றான். மாத்திரை போட்ட அன்னிக்கு ஒண்ணுக்கு வேற சிவப்பா போகுதாம். – முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: சிவப்பா போறது ரிஃபாம்பிசின், மாசத்துக்கு ஒரு தடவை போடுறது. ரத்தம் இல்ல, ஒரு நாள்ல சரியாயிடும். கருப்பு க்ளோஃபாசிமின் வேலை. அது தோல்லயே போய் தங்குற மருந்து, அதனாலதான் முகம் கருக்குது, தோல் வறண்டும் போகும். கோர்ஸ் முடிஞ்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளுக்கும், முழுசா பழைய நிறம் வர பல மாசம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலயும். வெயில்ல கம்மியா போகச் சொல்லுங்க, தேங்காண்ணெய் தடவச் சொல்லுங்க. காலேஜ்ல கேட்டா “ஸ்கின் அலர்ஜிக்கு மருந்து சாப்பிடுறேன்”னு சொல்லிட்டுப் போகட்டும், ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லணும்னு அவனுக்கென்ன தலையெழுத்தா.

ஆனா நிறுத்தக்கூடாது. ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன்னு மூணு மருந்தையும் சேர்த்துக் குடுக்கிறதுக்கு காரணம் இருக்கு. 1940கள்லேர்ந்து டாப்சோன் மட்டும்தான் இருந்துச்சு, வருஷக்கணக்கா, சிலருக்கு ஆயுசு முழுக்க அதையே குடுத்தாங்க, கடைசில கிருமி அதுக்கு பழகிடுச்சு. அதனாலதான் 1981ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துக்கு மாறச் சொன்னுச்சு. மொதல் டோஸ் ரிஃபாம்பிசின்லயே உயிரோட இருக்கிற கிருமில பெரும்பகுதி செத்துடும், அதுக்கப்புறம் உங்க பையன்கிட்டேர்ந்து யாருக்கும் பரவும்னு பயப்பட வேண்டியதில்ல. மிச்சம் மீதிக்குதான் மீதி மாசம். பாதில நிறுத்தி, திரும்ப ஆரம்பிச்சு, திரும்ப நிறுத்தினா ரிஃபாம்பிசினுக்கும் கிருமி பழகும். அப்படி ஆச்சுன்னா ஆஃப்லோக்சசின், மினோசைக்ளின், கிளாரித்ரோமைசின்னு ரெண்டாவது வரிசைக்குப் போகணும், கோர்ஸும் நீளும். இதுல ஒரு பெரிய சிக்கல் என்னன்னா இந்தக் கிருமியை லேப்ல தட்டுல வளர்க்கவே முடியாது, 1873ல நார்வேல ஹான்சன் கண்டுபிடிச்சதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யாராலயும் முடியல. மத்த வியாதிக்கு மாதிரி எந்த மருந்துக்கு சாகுதுன்னு வளர்த்துப் பார்க்க வழியில்ல, சதை எடுத்து ஜீன் டெஸ்ட் பண்ணித்தான் பார்க்கணும், அந்த வசதி எல்லா ஊர்லயும் கிடையாது.

கருக்கிறதுக்கு பயப்படாதீங்க, வேற ஒண்ணுக்கு பயப்படுங்க. டாப்சோன் ஆரம்பிச்ச மொதல் ஒண்ணு ரெண்டு மாசத்துல ஜுரம், உடம்பெல்லாம் தடிப்பு, கண்ணு மஞ்சள்னு வந்தா அன்னிக்கே மாத்திரையை நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும், உயிருக்கே ஆபத்தாகலாம். உங்க பையன் அஞ்சு மாசம் தாண்டிட்டான். ஆனா இதைப் படிக்கிறவங்கள்ல இப்பதான் ஆரம்பிச்சவங்க யாராவது இருப்பாங்க, அவங்களுக்காக சொல்றேன். மூச்சு வாங்குது, ரொம்ப சோர்வா இருக்குன்னா ரத்தம் குறைஞ்சிருக்கான்னும் பார்க்கணும், டாப்சோன் அதையும் செய்யும்.

கேள்வி: அண்ணே, நான் நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு வெட்டுற ஆளு. ஒரு வருஷ கோர்ஸ் முடிச்சு கார்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. இப்ப மூணு வாரமா முழங்கையில வலி, சுண்டு விரலு சேர்த்து வெக்க முடியல, அருவா புடிச்சா நழுவுது. போய்ச் சொன்னா “உனக்குத்தான் முடிஞ்சிடுச்சே, வலி மாத்திரை வாங்கிக்கோ”ன்னு அனுப்பிட்டாங்க. வியாதி திரும்பிடுச்சா? மருந்து சரியில்லையா?

பதில்: தம்பி, இந்த இதழ் கையில கெடச்ச அன்னிக்கே கிளம்பு. பக்கத்துல பார்க்க மாட்டேன்னா மாவட்ட தொழுநோய் துணை இயக்குநர் ஆபீஸ்னு ஒண்ணு இருக்கு, அங்க போ. இல்ல கோரிமேடு ஜிப்மர் தோல் ஓ.பி.க்கு காலைலயே போய் நில்லு. “கோர்ஸ் முடிஞ்சுது, இப்ப நரம்பு வலி, விரல் பலம் போகுது”ன்னு இதே வார்த்தையில சொல்லு. வலி மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்கு வராத.

உனக்கு வந்திருக்கிறது பெரும்பாலும் ரியாக்‌ஷன். வியாதி திரும்பினதா இருக்க வாய்ப்பு கம்மி, அது ரொம்ப அபூர்வம், வந்தாலும் வருஷங்கள் கழிச்சு மெதுவா வரும். கிருமி செத்தாலும் அதோட உடல் துணுக்குங்க நரம்புக்குள்ள, தோலுக்குள்ள கெடக்கும். நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி அதைத் திடீர்னு கண்டுபிடிச்சு சண்டைக்குப் போகும், அந்தச் சண்டைல நரம்பு வீங்கும். முழங்கைக்குப் பின்னால, எங்கயாவது இடிச்சா சுண்டு விரல் வரைக்கும் ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு எலும்பு ஒட்டின குறுகலான வழியில போகுது, வீங்கினா விரிய இடம் இல்ல, உள்ளயே நசுங்குது. வாரக்கணக்கு தாண்டி மாசக்கணக்கு ஆச்சுன்னா சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி அப்படியே நின்னுடும். ஜனங்க தொழுநோய்னதும் பயப்படுறது இந்த மடங்கின கையைப் பார்த்துத்தான், ஆனா அது இப்படி ரியாக்‌ஷனை கவனிக்காம விட்டதால வந்ததுங்கறது பல பேருக்குத் தெரியாது.

இதுக்கு மருந்து இருக்கு, பிரட்னிசோலோன். நிறைய அளவுல ஆரம்பிச்சு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, அஞ்சாறு மாசம் வரைக்கும் போகும். நரம்பு பலம் குறைய ஆரம்பிச்சு ஆறு மாசத்துக்குள்ள ஆரம்பிச்சா மீள நல்ல வாய்ப்பு இருக்கு, அதுக்கு மேல போனா கஷ்டம். உனக்கு மூணு வாரம்தான் ஆகுது, அதனாலதான் விரட்டுறேன். வலி விட்டுடுச்சுன்னு மாத்திரையை நீயா நிறுத்திடாத, திடீர்னு நிறுத்தினா உடம்பு தாங்காது. சுகர், பிபி, வயித்துப்புண் இருந்தா முன்னாடியே சொல்லிடு. கொஞ்ச நாளைக்கு அருவாளை கீழ வெச்சுட்டு அந்தக் கைக்கு ஓய்வு குடு, ராத்திரி முழங்கையை லேசா மடக்கினாப்ல வெச்சு துணி சுத்திக்கிட்டு தூங்கு. சீசன் நேரத்துல சொல்றது சுலபம், செய்யறது கஷ்டம்னு எனக்கும் தெரியும். ஆனா இந்தக் கை போச்சுன்னா எந்த சீசனும் இல்ல.

ரியாக்‌ஷன்ல இன்னொரு வகையும் உண்டு, கிருமி அதிகமா இருந்தவங்களுக்கு வரும், ஜுரத்தோட சிவப்பா தொட்டா வலிக்கிற கட்டி கட்டியா கிளம்பும், கண்ணு கூட சிவக்கும். போகும், திரும்ப வரும், சிலருக்கு வருஷக்கணக்கா. ஸ்டீராய்டு சாப்பிட்டு சாப்பிட்டு அதுவே தனி வியாதி ஆயிடும். அதுக்கு நல்லா கேக்குற மருந்து தாலிடோமைடு. 1950கள் கடைசில கர்ப்பிணிங்க வாந்திக்கு சாப்பிட்டு, கை கால் வளராத குழந்தைங்க பொறந்துச்சே, அதே மருந்துதான். குழந்தை பெத்துக்கிற வயசுல இருக்கிற பொண்ணுங்களுக்கு குடுக்கவே யோசிப்பாங்க, நியாயம்தான். ஆக அந்தப் பொண்ணுங்க நிலைமைதான் ரொம்ப பரிதாபம், இதுக்கு இன்னும் நல்லதா ஒரு மருந்து கண்டுபிடிக்கலங்கறது எனக்கு பெரிய ஆதங்கம். கிருமியைக் கொல்றதுல காட்டின அக்கறைல பாதியை நரம்பைக் காப்பாத்துறதுல காட்டியிருந்தா இந்தக் கடிதமே வந்திருக்காது.

கேள்வி: 2005லயே தொழுநோயை ஒழிச்சாச்சுன்னு அரசாங்கம் சொல்லிச்சு. இப்ப எதுக்கு வீடு வீடா வந்து சட்டையைக் கழட்டுங்கறாங்க? பொய் அப்பவா இப்பவா? – அரியாங்குப்பம்

பதில்: ரெண்டுமே பொய் இல்ல சார், கணக்கு அப்படி. 1991ல உலக அளவுல ஒரு இலக்கு வெச்சாங்க, பத்தாயிரம் பேருக்கு ஒருத்தருக்கும் கீழ கொண்டு வரணும்னு. இந்தியா 2005 டிசம்பர்ல அதைத் தொட்டுச்சு. ஆனா அந்தக் கணக்கு இன்னிக்கு மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க எத்தனை பேருங்கறது. ரெண்டு வருஷமா இருந்த கோர்ஸை 1990கள் கடைசில ஒரு வருஷமா குறைச்சாங்க, குறைச்சதும் பதிவேட்டுல இருக்கிற தலையும் குறையுது இல்லையா. நல்ல மருந்தால குறைஞ்சதும் நிஜம், கணக்கால குறைஞ்சதும் நிஜம். நாட்டுல வருஷத்துக்கு சுமார் 1 லட்சம் பேர் புதுசா கண்டுபிடிக்கப்படுறாங்க, உலகத்துல வர்ற புது கேஸ்ல பாதிக்கு மேல நம்மதுதான். அதுல குழந்தைங்களும் இருக்காங்க. குழந்தைக்கு வருதுன்னா பக்கத்துல கண்டுபிடிக்கப்படாத பெரியவங்க யாரோ இருக்காங்கன்னுதான் அர்த்தம்.

இலக்கைத் தொட்டதும் என்ன ஆச்சுன்னா, எங்களை மாதிரி தொழுநோய்க்குன்னே இருந்த ஆளுங்களை பொது சுகாதாரத்தோட சேர்த்துட்டாங்க, ரிட்டயர் ஆனவங்க இடத்துக்கு ஆள் போடல. யோசனை தப்பில்ல, தனி ஆஸ்பத்திரின்னு ஒதுக்கி வெக்கிறதை விட எல்லாரோடவும் சேர்ந்து ஓ.பி.ல உக்கார்றது நல்லதுதான். ஆனா கைப்பழக்கம் போயிடுச்சு. முழங்கை நரம்பை விரலால உருட்டி, இது தடிச்சிருக்கா சாதாரணமான்னு சொல்றதுக்கு நூத்துக்கணக்குல நல்ல நரம்பைத் தொட்டுப் பார்த்திருக்கணும். மதுராந்தகம் பக்கம் போலாம்பாக்கத்துல 1955ல பெல்ஜியம் டாக்டர் ஹெமரிக்ஸ் வந்து மரத்தடில கிளினிக் போட்டாரு, நோயாளி ஆஸ்பத்திரிக்கு வரட்டும்னு உக்காரல. எங்க சர்வீஸ்ல பெரியவங்க அந்த மரத்தடி கிளினிக்கைப் பத்திப் பேசிப் பேசித்தான் எங்களுக்கு வேலை கத்துக்குடுத்தாங்க. இப்ப வீடு வீடா வர்றவங்க ஆஷா, வில்லேஜ் நர்ஸ், ஆயிரம் வேலைக்கு நடுவுல இதுவும் ஒண்ணு. வாசல்லயே “எங்க வீட்ல யாருக்கும் இல்ல”ன்னு நீங்க சொன்னா அவங்களும் டிக் போட்டுட்டு போயிடுவாங்க. கழட்டிக் காட்டுங்க சார், ரெண்டு நிமிஷம்.

கேள்வி: எங்க தெருவுல யாருக்கோ இருக்குதாம், யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க, எங்களுக்கும் ஒரு வேளை மாத்திரை குடுத்தாங்க. வியாதி இல்லாதவங்க ஏன் மாத்திரை சாப்பிடணும்? – நெய்வேலி

பதில்: யாருன்னு சொல்லாம இருந்தது ரொம்ப சரி, நீங்களும் தேடாதீங்க. அது ஒரே ஒரு டோஸ் ரிஃபாம்பிசின், வீட்ல இருக்கிறவங்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் குடுக்கிறது. பங்களாதேஷ்ல பெரிய அளவுல சோதிச்சுப் பார்த்தாங்க, மொதல் ரெண்டு வருஷத்துல புதுசா வர்றது 57 சதவீதம் குறைஞ்சுது. முழுப் பாதுகாப்பு இல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேல. கிருமி உள்ள போய் வெளிய காட்ட சராசரியா அஞ்சு வருஷம், சிலருக்கு இருபது வருஷம் கூட ஆகும், அதனால மாத்திரை போட்டாச்சுன்னு இல்லாம வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பைப் பார்த்துக்குங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருக்கு, கல்லீரல் கோளாறு இருக்கு, கர்ப்பமா இருக்கீங்கன்னா சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லணும். ரிஃபாம்பிசின் டிபிக்கும் குடுக்கிற மருந்துதான், டிபி இருக்கிறவருக்கு ஒரு டோஸ் மட்டும் குடுத்தா அந்தக் கிருமிக்கு நாமளே பயிற்சி குடுத்த மாதிரி ஆயிடும்.

கேள்வி: தட்டு, டம்ளர் தனியா வெக்கணுமா? பரம்பரையா வருமா? – திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம். வராது.

கேள்வி: எங்கம்மாவுக்கு சின்ன வயசுல வந்து குணமாயிடுச்சு. பண்ருட்டில முந்திரி உடைக்கிற வேலை. ரெண்டு கையும் மரத்துப்போனது, விரல் நுனியெல்லாம் புண்ணு. “மறுபடி வந்துடுச்சு”ன்னு கூட வேலை செய்யறவங்க பேசுறாங்க.

பதில்: வரலம்மா, அது முந்திரித் தோட்டு எண்ணெய். நமக்கெல்லாம் அது பட்டா எரியும், கையை உதறுவோம். அம்மாவுக்கு எரியறது தெரியாது, அதனால எண்ணெய் ஊறி ஊறி வெந்து உரியுது. வறுத்த கொட்டையோட சூடும் அப்படித்தான். கையுறை போட்டா வேகம் வராது, கூலி எடைக்குத்தானேன்னு அம்மா சொல்வாங்க, நானும் கேட்டிருக்கேன். முடிஞ்சா உடைக்கிறதை விட்டுட்டு தொலி உரிக்கிறது, தரம் பிரிக்கிறதுன்னு எண்ணெய் படாத வேலையா மாத்திக் கேளுங்க. வீட்ல கரண்டி, பாத்திரப் பிடியிலெல்லாம் துணி சுத்தி வெச்சிடுங்க. தினம் சாயங்காலம் கையையும் காலையும் சாதா தண்ணில இருபது நிமிஷம் ஊறவெச்சு, ஈரம் போறதுக்குள்ள எண்ணெய் தடவி, நல்ல வெளிச்சத்துல ஒவ்வொரு விரலா நீங்களே பாருங்க, அவங்களுக்கு வலிக்காது, அதனால உங்க கண்ணுதான் அவங்களுக்கு வலி. செருப்பு கால்லேர்ந்து கழண்டு விழுந்ததே தெரியாம நடக்குறாங்கன்னா பாதமும் மரத்திருக்கு, மெத்துன்னு ரப்பர் அடி வெச்ச எம்.சி.ஆர். செருப்பு இலவசமா குடுக்கிறாங்க, கேட்டு வாங்குங்க. மடங்கின விரலை ஆபரேஷன்ல நிமித்தவும் வழி இருக்கு. பால் பிராண்ட்னு ஒரு டாக்டர் வேலூர்ல 1940கள் கடைசில ஆரம்பிச்ச வேலை அது, வேலூர் பக்கத்துல கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரில இன்னிக்கும் செய்றாங்க, கூலி போறதுக்கு ஈடா அரசாங்கம் 12,000 ரூபா குடுக்குது. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல தொழுநோயிலிருந்து குணமானவங்களும் வர்றாங்க, கார்டு எடுத்திருக்காங்களான்னு பாருங்க.

கேள்வி: எனக்கு தொழுநோய்னு தெரிஞ்சதும் வீட்டுக்காரர் டைவர்ஸ் நோட்டீஸ் விடுவேன்னு மிரட்டுறார். முடியுமா? – வில்லியனூர்

பதில்: அதைக் காரணமா காட்டி முடியாதும்மா. முன்னாடி இந்து திருமணச் சட்டம் உள்பட பல சட்டத்துல இது ஒரு காரணமா இருந்துச்சு, 2019ல தூக்கிட்டாங்க. நீங்க பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ வர்ற பாண்டிச்சேரி குடும்பமா இருந்தா மட்டும் ஒரு வக்கீலைக் கேட்டுக்குங்க. நோட்டீஸ் வந்தா பதில் அனுப்பாம இருந்துடாதீங்க, இலவச சட்ட உதவி கோர்ட்லயே இருக்கு. கவலைல மாத்திரையை விட்டுடாதீங்க.

கேள்வி: மகளுக்கு ஆறு மாசம், கூடவே இந்த மாத்திரையும் ஓடுது. கர்ப்பத்துல சாப்பிடலாமா, பால் குடுக்கலாமா? – பாகூர்

பதில்: ரெண்டும் செய்யலாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம். க்ளோஃபாசிமின் பால் வழியா போய் குழந்தை தோல் லேசா நிறம் மாறலாம், அப்புறம் சரியாயிடும். ரத்தம் குறையாம பார்த்துக்கணும், அதனால பிரசவம் பார்க்கிற டாக்டருக்கு கட்டாயம் சொல்லுங்க, மறைக்காதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் மொதல் சில மாசத்துலதான் நரம்பு ரியாக்‌ஷன் வர்ற வாய்ப்பு அதிகம், அந்த நேரத்துல எல்லார் கண்ணும் குழந்தை மேலயே இருக்கும். குழந்தையைத் தூக்கும்போது கை நழுவுது, கண்ணு முழுசா மூட மாட்டேங்குதுன்னு மக சொன்னா தூக்கக் கலக்கம்னு விட்டுடாம மறுநாளே கூட்டிட்டுப் போங்க. குழந்தைக்கு பொறந்ததும் எல்லாருக்கும் போடுற பிசிஜி ஊசி இதுக்கும் ஓரளவு பாதுகாப்பு, தவறாம போட்டுடுங்க.